கார்பன் நகல்

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில்
டீசல் எஞ்சின் கம்பெனிக்கு
அறுபத்தொன்றில் ஒரு ஜெர்மன்காரர் வந்தார்.
எக்கார்ட் ஃபோல்மர்.
எங்கள் வாயில் பொல்மார் துரை.

கடைமடைக்கு ஆறு எட்டிப்பார்க்காத வருஷம் அது.
வெண்ணாற்றுக் கிளையில் நண்டு வளை மட்டும் ஈரம்.
பம்புசெட் கேட்டு வாசலில் வண்டிமாடுகள் நின்றன.
துரை எஞ்சினைத் திறக்க மாட்டார்.
ஸ்குரூடிரைவர் நுனியை அதன் விலாவில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார்.
"இரண்டாவது சிலிண்டர்" என்பார்.
இரண்டாவதுதான்.
எங்கே படித்த காது என்று கேட்டேன்.
தண்ணீருக்கு அடியில் என்றார்.
கிணறு வெட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அங்கே பில் எழுதினேன், டைப்பும் அடித்தேன்.
பழைய மிஷின். ஆர் எழுத்து
வரியை விட்டு அரை நூல் மேலே ஏறி விழும்.

ஐப்பசி மழையில் ஒரு தாள் தந்தார், மூன்று நகல் வேண்டும்.
அவர் ஊரில் புதிதாகக் கடற்படை கட்டுகிறார்களாம்,
பழைய ஆட்களைத் தேடுகிறார்களாம்.
ஜெர்மன் பாஷை. எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன்.
வருஷங்கள் மட்டும் புரிந்தன,
மீதியை டீ குடிக்கும்போது அவரே சொன்னார்:
முப்பத்தெட்டில் சேர்ந்தது,
நாற்பத்திரண்டில் நீர்மூழ்கிக்குத் தலைவன்,
நாற்பத்தைந்தில் கைதி,
ஸ்காட்லாந்தில் இரண்டு வருஷம் உருளைக்கிழங்கு தோண்டியது,
பிரேமனில் டிராமில் டிக்கெட் கிழித்தது,
பிறகு எஞ்சின் விற்க வந்தது.

கீழே ஒரு பட்டியல்.
கப்பல், தேதி, டன்.
ஆள் என்று ஒரு பத்தி இல்லை.
பதினொன்றாவது: டன்வேரி. 4,812.

அந்தப் பெயர் என் விரலுக்கு ஏற்கெனவே பழக்கம்.
மாதாமாதம் நாகூரிலிருந்து சபுரா உம்மாள் வருவார்,
பம்புக்கு வாஷர் வாங்கும் சாக்கில்
கப்பல் கம்பெனிக்கு ஒரு மனு.
என் கணவர் கவுது மைதீன், டன்வேரியில் கரி தள்ளியவர்,
நாற்பத்து மூன்றில் பம்பாயை விட்டவர்.
பதில் எப்போதும் ஒன்றே.
காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது.
"கருதப்படுறதுன்னா, இருக்காரா இல்லையா தம்பி?"

இரண்டு தாளுக்கும் ஒரே கார்பன்.
ஜன்னலில் பிடித்தால்
அந்தக் கப்பலின் மேலேயே இந்தக் கப்பல்.
இரண்டிலும் ஆர் மேலே ஏறி நின்றது.

இரண்டையும் துரையின் மேசையில் வைத்துவிட்டு
சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.
அவ்வளவுதான் என் தைரியம்.

அடுத்த முறை சபுரா உம்மாள் வந்தபோது
அவர் எழுந்து நின்றார்.
இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொல்லி
என்னைப் பார்த்தார்.
நான் சொன்னேன்:
"கப்பல் முங்கின இடம் இவருக்குத் தெரியுமாம்மா."
அது இரண்டாவது வாக்கியம்.
முதலாவது என் தொண்டையில் நின்றது,
இன்னும் நிற்கிறது.

"எந்தப் பக்கம்?"
பதினெட்டு வருஷம் நாகூர்க் கரையில்
கிழக்கே பார்த்து நின்றவர் கேட்டார்.
துரை பில்லின் பின்னால் டிகிரி எழுதினார், பார்க்காமல்.
பிறகு மெல்லத் திரும்பி
கடலுக்கு முதுகு காட்டிக் கையை நீட்டினார்.
சுவரைத் தாண்டி, கும்பகோணம் தாண்டி,
மலை தாண்டி இருக்கிற கடல்.

"கிப்லா பக்கமாவா?"
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"அஞ்சு வேளையும் அந்தப் பக்கந்தானே நின்னேன்."

வாஷர் இரண்டு, முப்பது பைசா.
எண்ணி வைத்தார். வாசல்படியில் திரும்பினார்.
"அவரை உக்காரச் சொல்லுங்க தம்பி.
அப்பப் பிடிச்சு நிக்கிறாரு."

இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.
அவர் உட்காரவில்லை.

மாசியில் ஊருக்குக் கப்பல் ஏறினார்.
கடற்படைக்கா, டிராமுக்கா, தெரியாது.
மூன்று நகலில் ஒன்றை எடுத்துப்போகவில்லை.

சபுரா உம்மாள் பங்குனியில் வந்தார்.
பழக்கத்தில் நான் தாளைச் சொருகினேன்.
வேண்டாம் என்று கையசைத்தார்.
வாஷர் மட்டும் போதும்.